நூற்று நாற்பது டிகிரி

தபூக், சவுதி அரேபியா,
11-1-1986

மரியாதைக்குரிய அரியரத்தினம் அண்ணனுக்கு,

சோலைமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். யாழ்ப்பாணத்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உங்களுக்கு லீவு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருப்பது தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதம் கண்டதும் புறப்படுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் இங்கே வந்து நிற்காவிட்டால் உங்கள் வேலை போய்விடும். போனால் அதற்குக் காரணம் நான்தான். தந்தியில் இதையெல்லாம் சொல்ல முடியாது. வெறுமனே "உடனே வா" என்று கொடுத்தால் அண்ணி பயந்துவிடுவார்கள். அதனால் கொழும்பு போகிற லுக்மான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மழையில் ரோடு அறுந்து டீசல் லாரி வரவில்லை. டேங்கில் நாலு நாளைக்குத்தான் இருந்தது. நீங்கள் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போன நூற்று எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே வீடுகளுக்குச் சூடு தரும் பாய்லரை ஓட்டினால், ஐந்தாம் நாள் இந்த ஜனவரிக் குளிரில் காம்பவுண்டில் நாற்பது வீடும் விறைத்துப்போகும். மேனேஜர் ஜித்தாவில் இருந்தார். யாரைக் கேட்பது? தண்ணீரை நூற்று நாற்பதுக்கு இறக்கிவிட்டேன். அதற்கும் கீழே போனால் பாய்லர் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதால் அங்கேயே நிறுத்தினேன்.

சூடு குறைந்த தண்ணீரின் வெக்கை அறைக்குள் பரவ வழி விட வேண்டுமே. வீடு வீடாகப் போய், அந்தத் தண்ணீர் ஓடும் சுவரோரக் குழாயை அடைத்துக்கொண்டிருந்த சோபாக்களை நகர்த்தினேன், திரைகளைத் தூக்கிக் கட்டினேன், குழாயில் இருக்கும் தகடுகளில் அப்பியிருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டினேன். பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டேன். முன்பு வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைத்தவர்கள் இப்போது மூடிவைத்துக்கொண்டு சுகமாக இருந்தார்கள். ஆறாம் நாள் லாரி வந்தபோதும் டேங்கில் டீசல் மிச்சம்.

மேனேஜர் திரும்பி வந்து அளவுகோலை டேங்கில் விட்டுப் பார்த்தார். கேட்காமல் செய்ததற்கு வேலையை விட்டே தூக்கிவிடுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். "அரியா லீவு. ஹீட்டிங் முஷ்கில்?" என்று, நீங்கள் இல்லாமல் கஷ்டமா என்று கேட்டார். நான் கையைக் கூப்பி, "மாஃபி ஸாப், மாஃபி" என்றேன். நம் ரூம் சுஐபு பாயிடம் கற்ற இந்தியில் மன்னிப்புக் கேட்டேன் அண்ணே. வந்த முதல் வாரமே தெரிந்த சொல்தான், அரபியில் அதற்கு "இல்லை" என்று அர்த்தம். பயத்தில் மறந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். "வாஹித் நஃபர் காஃபி" என்று முதுகில் தட்டினார். எனக்குக் காபி கொடுக்கச் சொல்கிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஆள் போதும் என்று அர்த்தமாம். ராத்திரி சுஐபு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அவரையே கூட்டிக்கொண்டு போய் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். உங்களை நீக்கச் சொல்லி ரியாத் ஹெட் ஆபீசுக்குக் காகிதம் போய்விட்டதாம். லீவில் இருப்பவன் பெயரை அடிப்பது சுலபம், ஆள் இங்கே டூட்டியில் நின்றால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம், மாதக் கடைசி வரை பார்ப்பேன் என்றார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நேற்றுக் காலை பாய்லரை நூறுக்கு இறக்கக் கை போனது. வீடுகள் குளிர்ந்தால் உங்களைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் பதினாலாம் நம்பர் வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கிறது. கையை எடுத்துவிட்டேன். அதற்காகவும் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை.

அங்கே பாதை எப்படி இருக்கிறதோ, ரேடியோவில் கேட்பதெல்லாம் நல்லதாக இல்லை. எப்படியாவது கொழும்பு வந்து சேருங்கள். அண்ணியிடம் என் பெயரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்கள். நீங்கள் வந்து பாய்லர் ரூமில் எல்லோர் முன்னாலும் என் செவிட்டில் ஒன்று விடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் நாற்காலியில் மட்டும் என்னை உட்காரவைத்துவிடாதீர்கள் அண்ணே. வந்துவிடுங்கள்.

உங்களிடம் வேலை கற்ற,
சோலைமுத்து