ஷேவிங் டப்பாவில் இருந்த போல்ட்

என்னங்க,

சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. நானும் சின்னவளும் பஸ்ஸில் போகிறோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழட்டுக் காரின் ஸ்டீயரிங்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "உள்ள நாலு போல்ட் லூசு. நல்லா முறுக்கிட்டேன், இனி அசையாது" என்றீர்கள். நேற்று வளைவில் திருப்பும்போது அது அப்படியே என் மடிப்பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் சின்னவள் இருந்தாள். வந்து சொன்னால், "உனக்கு ஓட்டத் தெரியல, கார்மேல ஏன் பழி போடுற?" என்று அவள் முன்னாலேயே சிரித்தீர்கள்.

இன்று காலை உங்கள் ஷேவிங் டப்பாவில் நாலாவது போல்ட்டைப் பார்த்தேன். மாட்ட மறந்தது பெரிதில்லை. மறுபடி பிரிக்கச் சோம்பல்பட்டு அதை ஒளித்துவிட்டு, "தைரியமா எடுத்துட்டுப் போ" என்று சாவியை நீட்டினீர்களே!

நாலு மணிக்கு உங்கள் அம்மா ஸ்டேஷனில் இறங்குவார்கள். "உங்க பிள்ளை கார்ல வருவாரு அத்தை, முன்சீட்லயே உக்காருங்க" என்று போனில் சொல்லிவிட்டேன். தைரியமாகக் கூட்டி வாருங்கள்.

இன்னொன்று: மூடியைத் திறந்து சாப்பாட்டைத் தேடாதீர்கள். தட்டில் அந்த போல்ட் மட்டும்தான் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருக்கிறேன்.