பாலம் வராத ஆற்றைக் கடக்கும் முன்

அப்பா,

ஊர்க்கூட்டம் முடிந்து நீங்கள் வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிடுவோம். ஆற்றில் பனிக்கட்டி இளகத் தொடங்கிவிட்டது. இன்றே கடக்காவிட்டால் சறுக்குவண்டி அக்கரை சேராது என்கிறார் உங்கள் மாப்பிள்ளை அசகேல். அவரைத் திட்டாதீர்கள். ஒஹாயோவுக்குக் குடிபோகலாம் என்று முதலில் சொன்னது நான்தான்.

அடுப்பில் பன்றிக்கறியோடு பீன்ஸ் வேகிறது, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தொழுவத்துச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. சாயங்காலம் பாதிரியார் வருவார். அவரிடமாவது முகம்கொடுத்துப் பேசுங்கள்.

சொல்லிக்கொண்டு போகத்தான் கூட்டத்துக்கு வந்தேன். பாலத்துக்கு எதற்கு வரி என்று யாரோ கத்தினார். நீங்கள் எழுந்து, "பாலம் இல்லேன்னா போன புள்ளைங்க எப்படிய்யா திரும்பி வரும்?" என்றீர்கள். உள்ளே வந்தால் என்னால் கிளம்ப முடியாது. வாசலோடு திரும்பிவிட்டேன்.

கெசையா

பி.கு.: உங்கள் பழைய கையுறையை நான் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் பின்னியது மேசைமேல் இருக்கிறது.

இன்னொன்று: ஓட்டெடுப்பில் பாலம் ஜெயித்ததா என்று மட்டும் எழுதுங்கள். வேறெதுவும் எழுத மனம் வராவிட்டாலும் பரவாயில்லை.