யாரும் வைத்திராத பெயர்

மரக்காணம், 12.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நர்ஸ் வேலைக்கு வந்த இடத்தில் நான் சுகமே.

உப்பளத்துப் பாக்கியலட்சுமி தன் குழந்தைக்குப் பெயர் கேட்டாள். வடமொழியில் அமிர்தா, சாகாதவள்; பாரசீகத்தில் ரோஷ்ணி, வெளிச்சம் என்று பொருளோடு எழுதிக் கொடுத்தேன்.

"வாணாம்மா, சுனாமியில போன மூத்தவ பேரே இருக்கட்டும்" என்றாள்.

நேற்று நண்பகலில் பெயர் சூட்டும்போது குழந்தையின் காதில் மூன்று முறை "சங்கீதா" என்று கூப்பிட்டார்கள். வெள்ளை உப்புப் பாத்திகளின் பக்கமிருந்து, "தோ வர்றேம்மா" என்று ஒரு குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். யாருமில்லை. பாக்கியலட்சுமி மட்டும் விருந்தில் இன்னோர் இலை போட்டாள்.

பயப்படாதீர்கள், காற்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரால் குழந்தையைக் கூப்பிட இப்போது எவருக்கும் துணிவில்லை. யாருக்கும் வைத்திராத பெயர் ஒன்று எழுதி அனுப்புங்கள். பொருள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போனில் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், இங்கே வெறும் நர்ஸம்மாதான்.

தபால் பை கட்டுகிறார்கள்.

உங்கள் மகள்,
சுலோசனா