சாமு அண்ணனின் பூட்ஸும் நல்ல மரணப் புத்தகமும்

ஜூலை 3, புதன். வெயில். காற்று வந்தால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம், வராவிட்டால் புழுக்கம்.

ஆம்பூர் வாழ் சகல ஜனங்களுக்கும் தாழ்மையுடன் அறிவிப்பது: இன்று காலை எங்கள் சிவப்புக் கோழி நாற்காலியில் இட்ட முட்டை, அதன்மேல் கோயில் உபதேசியார் (இனி உ.யார்) உட்கார்ந்தபடியால், கர்த்தருக்குள் நித்திரையடைந்தது. கடைசி வார்த்தை ஏதும் சொல்லவில்லை. வேட்டியில் மட்டும் சாட்சி விட்டுச் சென்றது.

உ.யார் வந்தது புத்தகம் கொடுக்க. மே மாதம் சாமு அண்ணன் காய்ச்சலில் போனதிலிருந்து இதே வேலை. இப்போது கையில் இருப்பவை:

1. துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது. ஆறுதலுக்கு ஆறு வழியாம். ஆறும் படித்தாயிற்று. எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

2. நல்ல மரணங்கள். விசுவாசிகள் எப்படிச் செத்தார்கள் என்று ஊர், பேர் போட்டு எழுதியது. அத்தனையும் நடந்ததாம். இன்று வந்தது இதுதான்.

3. உ.யாருக்குத் தெரியாதது. சாகிறவர்களை எப்படிக் கவனிப்பது என்று நர்ஸ்களுக்கான புத்தகம். எதிர்வீட்டு ரூத் அக்கா வேலூரில் நர்ஸ் வேலை கற்கிறாள். லீவுக்கு வந்தபோது இரவல் வாங்கியது. (அவளுக்கு இன்னும் தெரியாது.)

உ.யார் வேட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமுவேல் மரணத்தையும் எழுதி அனுப்பணும்மா. அடுத்த புஸ்தகத்துல வரும். இந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சிடலாம். கடைசி நேரத்துல யார் கூட இருந்தது?"

அம்மா தலை குனிந்துகொண்டது. "நான் கஞ்சி வடிக்கப் போயிருந்தேன் அய்யா. கொஞ்ச நேரம்தான். இவன் இருந்தான்."

"சொல்லு தம்பி. அண்ணன் கடைசியா இன்னா சொன்னான்?"

"யோசிச்சுச் சொல்றேன் அய்யா."

யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணன் சொன்னது: "என் பூட்ஸைத் தொட்ட, பல்ல ஒடச்சிருவேன்."

ஜூலை 4, வியாழன். சாயங்காலம் நாலு தூறல். ஏமாற்று மழை.

பள்ளிக்கூடத்தில் கணக்கு நேரம் முழுவதும் மேசைக்கடியில் ந.மரணம் படித்தேன். கோபத்தில் பென்சில் முறிந்தது.

நெமிலி விதவை: முகம் பிரகாசித்தது. தாலுகா கச்சேரி குமாஸ்தா: முகம் பிரகாசித்தது. நாட்றம்பள்ளிப் பையன், ஆறு வயது: வேதத்திலுள்ள சங்கீதம் ஒன்றை முழுதாகச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு அழாதே என்றான், முகம் பிரகாசித்தது. இத்தனை முகம் பிரகாசித்தால் ஊரில் லாந்தர் எதற்கு?

அண்ணனுக்குப் பிரகாசிக்கவில்லை. வேர்த்தது. நாக்கு சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து வெடித்திருந்தது. பாயிலேயே போய்விட்டு, அம்மா துடைக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு வெட்கம். பத்தொன்பது வயது. இதை ஏன் ஒருவனும் எழுதவில்லை? எல்லோரும் குளித்து, தலை வாரி, பாட்டுப் பாடித்தான் சாகிறார்களா? அப்படியானால் எங்கள் அண்ணன் கெட்ட மரணமா? பொய்யன்கள். அச்சடித்த பொய்யன்கள்.

இன்று அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாலாறு வரைக்கும் போய் வந்தேன். கன்றுத் தோல். அண்ணன் தானே தோல் பார்த்து எடுத்துத் தைக்கக் கொடுத்தது. அவன் போட்டது இரண்டே தடவை. நான் நடந்தேன், டக் டக். வரட்டும். வந்து பல்லை உடைக்கட்டும்.

தீர்மானம்: ஞாயிற்றுக்கிழமை இதே பூட்ஸோடு கோயிலுக்குள் போவேன். உ.யார் பிரகாசம் என்று ஆரம்பித்ததும் எழுந்து நின்று நடந்ததைச் சத்தமாகச் சொல்வேன்.

ஜூலை 5, வெள்ளி. வெயில்.

உபத்திரவியார் மறுபடி வந்தார். குடையை வாசலில் சாய்த்தார். தோல் ஷாப்பில் சுரண்டிப் போட்ட சதை ஜவ்வு ஒரு பிடி குடைக்குள் வைத்தேன். திரும்பிப் போகும்போது பின்னால் ஏழெட்டு நாய். "சூ! சூ! இன்னாடா இது பேஜாரு!" மாதா கோயில் முனை வரை ஊர்வலம். சிரித்தேன். அண்ணனிடம் சொல்ல உள்ளே ஓடினேன். பாய் சுருட்டி வைத்திருந்தது.

கரீமைப் பார்க்கப் போனேன். அண்ணனோடு தோல் தரம் பிரித்தவன். ந.மரணத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன்.

"உங்கண்ணனை இப்படியா எழுதப் போறாங்க? சாமுவா பாட்டுப் பாடுனான்? அவன் வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை ஜாஸ்தி, நல்ல வார்த்தை கம்மி."

"அதான் சொல்றேன்."

"என் சாப்பாட்டு டப்பாவுல முட்டைய எடுத்துட்டு உருண்டைக் கல்ல வெச்ச பையன்டா அவன்." சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் தேய்த்தான். "ஷாப்பு சுண்ணாம்பு பட்டுச்சி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஷாப்பு லீவாச்சே தோஸ்த்."

"ஷாப்பு லீவுன்னா சுண்ணாம்புக்கும் லீவா? போடா."

ஆறு வழிப் புத்தகத்தில் இது இல்லை. ஏழாவதாகச் சேர்க்கலாம்.

ஜூலை 6, சனி. மேகம்.

ரூத் அக்காவின் புத்தகம். நல்ல புத்தகம், பிரகாசமே கிடையாது. கால்தான் முதலில் சில்லிடும் என்று போட்டிருக்கிறது. சரி. அன்றைக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

அடுத்த பக்கம்: கண் போனாலும் காது கடைசி வரை கேட்கக்கூடும். ஆகையால் நோயாளியின் அருகே அன்பான வார்த்தைகளே பேச வேண்டும்.

புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். அட்டை பிய்ந்தது.

அண்ணன் பல்லை உடைப்பேன் என்றதும் நான் சொன்னது: "மொதல்ல எழுந்து நில்லு, அப்பறம் ஒடைக்கலாம்." அதுதான் அவன் கடைசியாகக் கேட்டது. வேடிக்கைக்குத்தான் சொன்னேன். தினம் அப்படித்தான் பேசுவோம். இந்தப் பக்கத்தை ஏப்ரலில் ஒருத்தராவது காட்டியிருக்கக் கூடாதா? எல்லாம் செத்த பிறகு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்!

சத்தம் கேட்டு அம்மா வந்தது. திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தது.

"டேய் ஜேக்கப்பு. ஒண்ணு கேக்கறேன். மறைக்காத. அவன் என்னைக் கேட்டானா?"

"எப்போ?"

"நான் கஞ்சிக்குப் போனப்போ. அம்மா எங்கன்னு கேட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாத" என்று எழுந்து போய்விட்டது. அரிசியில் கல் பொறுக்கும் சத்தம். பொறுக்கி முடித்த அரிசி அது.

ஜூலை 7, ஞாயிறு. நல்ல மழை. ஓடு ஒழுகுகிறது.

வாசித்தார்கள். முகம் பிரகாசித்தது என்று வந்தது. இரண்டு வரி பாட்டுப் பாடினான் என்று வந்தது. பின் பெஞ்சில் யாரோ, "சாமுவா?" என்றார்கள்.

பிறகு: "அம்மா எங்கே? கஞ்சி கொண்டுவரப் போயிருக்கிறார்களா? அவர்கள் சமைத்தால் வாசனையே போதும் என்று சொல்லிக் கண்ணை மூடினான்."

அம்மா அழுதது. இந்த இரண்டு மாதத்தில் பார்க்காத அழுகை. அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், சபைக்கு முன்னால். வீட்டுக்கு வந்து அம்மா ஒரு தட்டு சோறு முழுதாகச் சாப்பிட்டது.

நான் எழுந்து நிற்கவில்லை. பாட்டும் பிரகாசமும் உ.யாருடையவை. கஞ்சி வரி என்னுடையது. நேற்றுச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், யோசித்துவிட்டேன் அய்யா என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அச்சடிக்காத பொய்யன்.

பூட்ஸ் விஷயமும் புளுகு. பாலாற்றுக்குப் போனது வெறுங்காலோடு. இன்று கோயிலுக்கும் வெறுங்கால்தான். மழை வந்துவிட்டது, எண்ணெய் போடாவிட்டால் தோல் பூஞ்சை பிடிக்கும். அதனால் இப்போது உட்கார்ந்து இரண்டுக்கும் எண்ணெய் போட்டு வைத்தேன். பழந்துணி சுற்றிப் பிடித்துத்தான். கை படவில்லை. தொடக்கூடாது என்றல்லவா சொன்னான்.