முப்பத்தாறு இஞ்ச் மேடை

இன்று காலை கும்பகோணத்தில் நம் மகள் கட்டும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் நினைவு வந்தது. நான் அழுவேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். எனக்கு வந்தது கோபம். நீங்கள் மௌத்தாகி மூன்று வருடமாகியும் அது கொஞ்சம்கூடத் தணியவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சமையலறையில் உங்கள் தம்பி கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "கிரானைட்லாம் வேணாம். எங்க அண்ணன் குத்தாலத்து வீட்டுல போட்டாரே, அதே மாதிரி கான்கிரீட் மேடை. அதே முப்பத்தாறு இஞ்ச் உயரம். அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

நம் வீட்டுக்கு நான் கடையில் கறுப்பு கிரானைட் பார்த்து வைத்திருந்தேனே, மறந்திருக்க மாட்டீர்கள். துபாயிலிருந்து அந்தக் கடைசி விடுமுறைக்கு வந்த மறுநாளே அது வேண்டாம் என்றீர்கள். "கிரானைட்டு ஊரெல்லாந்தான் கெடக்கு. இருபது வருஷமா யார் யார் வீட்டுக்கோ இந்தக் கையால மேடை போட்டுக் குடுத்திருக்கேன். என் பொண்டாட்டிக்கு ஒண்ணு போட மாட்டேனா?" என்று கேட்டீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கொல்லையில் பலகை அடித்து, கம்பி கட்டி, கலவை ஊற்றி, நாள்கணக்கில் தேய்த்தீர்கள். நாற்பது நாள் விடுமுறையில் பாதி அதற்கே போனது. தினமும் சாக்கை நனைத்து அதன்மேல் போட்டவள் நான். பிறகு ஆறு பேர் அதைத் தூக்கிவந்து செங்கல் சுவரின்மேல் வைத்தார்கள். கிட்டே போய் நின்று பார்த்தேன். மேடை என் முழங்கையை முட்டியது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் உலை. என்ன கொதிக்கிறது என்று பார்க்க நான் எக்க வேண்டும்.

"உயரமா இருக்குங்க" என்றேன்.

"அங்க துபாய்ல பெரிய பெரிய வில்லா வீட்டுலயெல்லாம் இதான் அளவு. பழகிடும்."

அங்கே அந்த மேடைகளில் நின்று சமைத்தது யார், அவள் எவ்வளவு உயரம் என்று நீங்கள் ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடையைப் பொருத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பீர்கள். என் வீட்டிலும் அதைத்தான் செய்தீர்கள். பொருத்தினீர்கள், விமானம் ஏறினீர்கள்.

நான் மணைப்பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்று சமைத்தேன். வந்த சொந்தமெல்லாம் மேடையைத் தடவிப் பார்த்து, "குடுத்து வச்சவ நீ" என்றது. புளித்தண்ணீர் சிந்திய இடமெல்லாம் வெளுத்துப்போனதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது பலகை சறுக்கி என் இடது கை வெந்துபோனது. போனில் சொன்னேன். "பாத்து நிக்கக் கூடாதா புள்ள?" என்றீர்கள். அப்புறம், "மேடைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டீர்கள், தெரியும். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று சண்டையைச் சேர்த்து வைத்திருந்தேன். நீங்களோ அங்கேயே நெஞ்சு வலித்து, அங்கேயே அடக்கமாகிவிட்டீர்கள். நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்ததும் முதல் வேலையாக மேடையை உடைக்கலாம் என்றேன். "அத்தா கையால போட்டதும்மா" என்று மகள் அப்படி அழுதாள். உங்கள் கபரை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதனால் அந்த மேடையே எல்லோருக்கும் கபராகிவிட்டது. நான் மட்டும் அதில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அதே முப்பத்தாறு என் மகளின் தலையிலும் விழப்போகிறது என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க தம்பி!" என்று கத்தினேன். "அளவ உங்க அண்ணன்கிட்ட கேக்காதீங்க. நின்னு சமைக்கப்போறவகிட்ட கேளுங்க."

மகளைச் சுவரோரம் நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரல் கீழே கொத்தனாரின் பென்சிலால் கோடு போட்டேன்.

"என்ன அண்ணி, அண்ணன் மேல கோவமா?" என்றார் உங்கள் தம்பி.

"ஆமா" என்றேன். இத்தனை நாளில் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நீ சொல்லவே இல்லையே?" என்றாள் மகள்.

"சொன்னேன். நீ அழுத."

அவள் முகம் சுண்டிப்போனது. அவளை விரட்டுவதற்கா நான் போனேன்? "கான்கிரீட்டே போட்டுக்க. உங்கத்தா வேலை சுத்தமான வேலை, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். புளி பட்டா வெளுக்காம இருக்க மேல என்ன பூசணும்னு கேட்டுப் போடு. உயரம் மட்டும் உன்னோடதா இருக்கட்டும்" என்றேன். அவள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது கொத்தனார் என்னிடம் வந்தார். "உங்க வீட்டு மேடையையும் எறக்கிடலாமேம்மா. ஸ்லாப்ப ஒடைக்கவே வேணாம். அலுங்காம தூக்கி வச்சுட்டு, கீழ ஒரு வரி செங்கல் எடுத்தா போதும். அரை நாள் வேலை."

பேருந்தில் குத்தாலம் வந்து சேரும்வரை அந்த வார்த்தையே காதில் இருந்தது. அரை நாள். நாற்பது நாள் வீட்டில் இருந்தீர்களே!

கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து வேளையும் உங்களுக்காக துஆ கேட்கிறேன், இனியும் கேட்பேன். உங்கள் கபர் விசாலமாகட்டும். அந்த அரை நாளைப் பற்றி மட்டும் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.