எடுக்கிற ஆளும் இருக்கிற படம்

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைஞ்சுதா? பாப்பாவுக்கு ஆடின பல் விழுந்துடுச்சா?

நான் அனுப்பின படங்களைப் பார்த்துட்டு, "கோட்டை வருது, கொக்கு வருது, எடுக்கிற ஆளை மட்டும் காணோமே"ன்னு எழுதியிருந்தே. கேமராவை யார் கையிலயும் கொடுத்துடாதீங்கன்னு சொல்லி அனுப்பினதும் நீதான்!

இருந்தாலும் போன லீவு நாள்ல, பழைய கோட்டை வாசல்ல நின்ன ஒரு பஸ் டிரைவர்கிட்டே கொடுத்து, என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். வாங்கினவர் முதுகைக் காட்டி விறுவிறுன்னு ரோட்டுக்கே நடந்துட்டார். எனக்கு உயிரே போயிடுச்சு. "திருடன், திருடன்!"னு கத்திக்கிட்டு ஓடினேன். அவர் திரும்பி, ஓடி வர்ற என்னையும் ஒரு படம் எடுத்தார்.

"கோட்டை முழுசா விழணும்னா தள்ளிப் போக வேணாமா?"ன்னார்.

மூஞ்சியை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியலை. அவர் கோவிச்சுக்கலை. "நான் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போய் நில்லுங்க. படம் யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு."

"அப்போ கேமராவைப் பார்க்காதீங்க, அவங்களைப் பாருங்க"ன்னு சொல்லி எடுத்தார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

படத்துல சட்டை தொளதொளன்னு இருக்கேன்னு கவலைப்படாதே. லாண்டரியில வேலை பார்க்கிறவன் சட்டை, துவைச்சுத் துவைச்சுப் பெரிசாயிடுச்சு. தினம் நூறு நூறா ஆஸ்பத்திரித் தலையணை உறை துவைக்கிறேன். உன்னோடது ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்குது. இந்தக் கவர்ல ரெண்டு படம் வச்சிருக்கேன். வாயைப் பொளந்துக்கிட்டு ஓடி வர்றதை எல்லாருக்கும் காட்டு, சிரிக்கட்டும். இன்னொண்ணை யாருக்கும் காட்டாதே. அதுல நான் உன்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.

பாப்பா அப்பா