சாம்பல் தட்டை வெளியே இழுக்கவும்

மார்ச் 3

கரி கிரில் கையேட்டில் "சுத்தம் செய்தல்" அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் என்று என் எழுத்து நுழையாத வீடு இந்த ஊரில் இல்லை. அதைப் படித்த ஆளும் இல்லை. பெரும்பாலான பிரதிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியின் அடித்தட்டில் அமரத்துவம் அடைகின்றன.

கிரிலை எப்போதெல்லாம் கழுவ வேண்டும், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதில் தொழிற்சாலைக்குள்ளேயே இரண்டு கட்சி. உத்தரவாதப் பிரிவு அதிகாரி சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் முழுசாக் கழட்டிக் கழுவணும்னு போடுங்க சார். ஒருத்தனும் செய்யமாட்டான். துருப்பிடிச்சிடுச்சுன்னு வந்தா, நீங்க கழுவலையேன்னு திருப்பி அனுப்பிடலாம்." விற்பனைப் பிரிவுக்காரர் சொன்னார்: "கழுவவே வேணாங்கிற மாதிரி எழுதுங்க சார். வேலை வைக்கிற பொருளை எவன் வாங்குவான்?"

"தேவைக்கேற்பச் சுத்தம் செய்யவும்" என்று எழுதினேன். இருவருக்கும் திருப்தி. யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாமல் ஒரு பக்கத்தை நிரப்ப இதைவிட நல்ல சொல் கிடையாது.

மார்ச் 5

மச்சினன் மாடியிலிருந்து இறங்கி வந்து என் மேசை ஓரமாக நின்றான். லிஃப்ட் மெக்கானிக். மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறான்.

"அத்தான், ஒரு விஷயம். அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்."

ஒரு பெண். லிஃப்டில் சிக்கிக்கொண்டவளை இவன் போய் மீட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்து லிஃப்ட் சந்தேகத்துக்கு இடமான அளவுக்குப் பழுதாகியிருக்கிறது.

"நல்ல செய்திதானே மாப்ளே, எதுக்கு முழிக்கிறே?"

"அவங்க அம்மா வர்றாங்க. இருபத்துமூணாம் தேதி. நான் சமைக்கிறதை நேர்ல பார்க்கணுமாம்."

சனிக்கிழமைதோறும் கரியில் சுட்டுச் சமைப்பேன் என்று பெருமை அடித்திருக்கிறான். அது உண்மைதான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. கோழியோ காளானோ சோளமோ, அவன் கை பட்டால் தெருவே மோப்பம் பிடிக்கும்.

"அதுல என்ன பயம்?"

"அவங்க சுகாதார ஆய்வாளர் அத்தான். ஹோட்டல் அடுப்படியைச் சோதிக்கிறவங்க."

ஊரில் பாதி ஹோட்டல்களுக்குப் பூட்டுப் போட்ட அம்மாள். ஹோட்டல்காரர்கள் வைத்த பெயர் பூட்டம்மா. ஆளை எடைபோட அவர் ஜாதகமும் பார்ப்பதில்லை, சம்பளமும் கேட்பதில்லை. அடுப்பைப் பார்ப்பாராம்.

எங்கள் வீட்டுக் கிரிலை நான்கு வருடங்களாக யாரும் கழுவியதில்லை.

மார்ச் 6

மனைவியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் கண் கலங்கினாள். பிறகு பின்பக்கம் போய்க் கிரிலின் மூடியைத் திறந்து பார்த்தாள். வேறு மாதிரிக் கண் கலங்கினாள்.

அவள் அறுவை சிகிச்சை அறையில் நர்ஸ். ஒரு இடம் சுத்தமா இல்லையா என்பதற்கு அவளிடம் ஒரே அளவுகோல்தான்: அங்கே ஒரு ஆளைப் படுக்கவைத்து வயிற்றைத் திறக்கலாமா?

"என்னடா இது, அடுப்பா, அடைச்ச சாக்கடையா?"

"அக்கா, அந்தக் கறுப்புதான் ருசியே. சுரண்டினா ஒண்ணும் ஒட்டாம வராது. கிரில் செத்துப்போயிடும்."

"இதுல தின்னுட்டு நாம சாகாம இருக்கோம் பாரு, அதைச் சொல்லு."

அவன் நாளைக்கு வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறான். இருபத்திரண்டு அன்றுதான் திரும்புவான். என்னைத் தனியே கூப்பிட்டு, "யாரும் தொடாம பார்த்துக்குங்க அத்தான், என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு" என்றான். அவன் தலை மறைந்ததும் அவள் கூப்பிட்டு, "என்னங்க, அவன் வர்றதுக்குள்ள அது பளிச்சுனு இருக்கணும். என் தம்பி வாழ்க்கை" என்றாள்.

இருவரிடமும் சரி என்றேன்.

மார்ச் 10

தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14

தொட்டுவிட்டேன். ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது வீட்டில் இருப்பவர் பக்கம் சாய்வதுதான் விவேகம்.

உத்தரவாதப் பிரிவுக்காக எழுதி அவர்களே கைவிட்ட பழைய வரைவைத் தேடி எடுத்து வரிக்கு வரி பின்பற்றினேன். என் கையேட்டை ஒருவர் பின்பற்றுவது உலகில் இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். வெந்நீர், சலவைச் சோடா, கம்பி பிரஷ், உப்புத்தாள். வார்ப்பிரும்புக் கம்பித் தட்டிலிருந்து கறுப்பு பட்டை பட்டையாக உரிந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்த மனம் வரவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிகளையும் தேய்த்தேன். மாலையில் கம்பித் தட்டு வெள்ளி மாதிரி இருந்தது. நன்றாக அலசி, ஈரம் சொட்டச் சொட்ட முற்றத்தில் சாய்த்து வைத்தேன்.

மனைவி வந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். கல்யாணமான புதிதில் கிள்ளியது.

மார்ச் 15

நேற்று வெள்ளியாக இருந்த தட்டு, விடியும்போது செம்பாகியிருந்தது. முழுக்கத் துரு.

"துடைச்சீங்களா? எண்ணெய் தடவினீங்களா?"

"வரைவுல அது இல்லையே."

"வரைவை எழுதினது யாரு?"

உப்புத்தாளைத் தேடப் போனேன்.

மார்ச் 18

கம்பித் தட்டையும் மூடியையும் வண்டி பாகங்களுக்கு மணல் அடித்துத் துரு எடுத்துத் தரும் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பட்டறைக்காரர் புரட்டிப் பார்த்து, "எதுக்கு சார் இது?" என்றார்.

"சமைக்க."

"அப்ப எதுக்கு என்கிட்ட கொண்டாந்தீங்க?"

துரு போய்விட்டது. பெட்டியின் வெளிப்புறம் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் வாங்கி நானே மேலிருந்து அடிவரை இரண்டு கை அடித்தேன். இப்போது எல்லாம் கடையிலிருந்து இறக்கியது போல இருக்கிறது. மனைவி தூரத்தில் நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள். "கொஞ்சம் ஓவரா இல்ல?" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 22

மச்சினன் வந்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே பின்பக்கம்.

"அத்தான், என் கிரில் எங்க?"

அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

நான் சுட்டிக்காட்டினேன். படியில் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எண்ணெய் தடவினான், கரியை மூட்டிக் காய்ச்சினான், மறுபடி தடவினான். சோதனைக்கு ஒரு துண்டு கோழி போட்டான். ஒட்டிக்கொண்டது. இன்னொரு துண்டு. அதுவும்.

"பரவாயில்ல அத்தான். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றான். அடப்பாவி. இதற்கு நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாமே!

மார்ச் 23

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

பூட்டம்மா சிறிய உருவம். தோளில் பெரிய பை. வீட்டைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை, என் மனைவி வாங்கி வைத்த புதுத் திரைச்சீலையைப் பார்க்கவில்லை. நேராகக் கிரிலிடம் போனார். கோழி அப்போதுதான் கம்பியில் ஏறியிருந்தது. அந்தப் பெண் பின்னாலேயே. நல்ல பெண், முகத்தில் சிரிப்பு ஓரமாகக் காத்துக்கொண்டே இருக்கிறது. அதுவரை அதற்கு வேலை வரவில்லை.

"புதுசா?"

"இல்லைங்க. நாலு வருஷமா வச்சிருக்கேன்" என்றான் மச்சினன்.

கரி இல்லாத ஓரத்துக் கம்பியில் விரல் வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். "தம்பி, என் தலை நரைச்சதே அடுப்பைப் பார்த்துப் பார்த்துத்தான். சமைக்கிறவன் அடுப்பு இப்படி இருக்காது. நேத்து வாங்கி வச்சிருக்கீங்க. வாராவாரம் சமைக்கிறேன்னு என் பொண்ணுகிட்ட சொன்னது?"

அதே நேரம் மச்சினன் திருப்பிய கோழி கம்பியில் ஒட்டிக் கிழிந்தது. தோல் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

"அழுக்குன்னா கழுவிக்கலாம். பொய்யை என்னத்தப் போட்டுக் கழுவுறது?" பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மச்சினனின் கையில் இடுக்கி அப்படியே நின்றது. அந்தப் பெண், "அம்மா, நான் சாப்பிட்டிருக்கேன்மா" என்றாள். "அது ஹோட்டல்ல வாங்கின பார்சலா இருந்திருக்கும்."

நான் முன்னால் வந்தேன். "நான்தாங்க தேய்ச்சேன். சோடா போட்டேன். துருப்பிடிச்சுது. அப்புறம் மணல் அடிச்சேன். அப்புறம் பெயிண்ட்—"

"நீங்க என்ன வேலை?"

"கையேடு எழுதறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். உண்மையை இவ்வளவு கோர்வையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

போகிற போக்கில், தொழில் பழக்கம் போலிருக்கிறது, பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார்.

"இதுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லைங்க, அது சும்மா தாங்கி" என்றான் மச்சினன். நானும் தலையாட்டினேன்.

பையிலிருந்து ஒரு மழுங்கிய கத்தியை எடுத்து (போகிற இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோவாராம்) என் பெயிண்டின் மீது கோடு இழுத்து நெம்பினார். பட் என்று விட்டுக்கொண்டு ஒரு தட்டு வெளியே வந்தது.

அந்தத் தட்டை வர்ணிக்க நான் தகுதியானவன் அல்ல. மேலே அள்ளியது போக, அடிக்கம்பிகளின் இடைவெளி வழியே நான்கு வருடம் இறங்கிய சாம்பலும் கொழுப்பும் அடுக்கடுக்காக இறுகிப்போயிருந்தன. கருகிய சோளக்கட்டை, வளைந்த கம்பிகள். நடுவில் ஒரு எவர்சில்வர் கரண்டி.

"என் கரண்டி!" என்று மனைவி கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்திருப்பாள் என்று அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்ட கரண்டி அது.

பூட்டம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கத்தி முனையால் அடுக்குகளைப் பிரித்தார். "இது ரொம்பப் பழசு. இது மழையில நனைஞ்சிருக்கு. அதுக்கு மேல மறுபடி... மறுபடி..." நிமிர்ந்தார். "அடேயப்பா. ஒரு வாரம்கூட விடலையா நீ?"

"ஒரே ஒரு வாரம் ஜுரம்ங்க" என்றான் மச்சினன்.

அந்த அம்மாள் சிரித்தார். பல ஹோட்டல்காரர்கள் காசு கொடுத்தும் பார்க்க முடியாத காட்சி. "ஹோட்டலா இருந்தா இந்நேரம் பூட்டி சீல் வச்சிருப்பேன். கையைக் கழுவிட்டு வா. உள்ள போய்ப் பேசலாம்." மச்சினன் கரிக்கையோடு அந்தப் பெண்ணைப் பார்த்தான். காத்துக்கொண்டிருந்த சிரிப்புக்கு வேலை வந்தது.

கிழிந்த கோழியையே சாப்பிட்டோம். எலும்பு மட்டும் மிஞ்சியது.

கிளம்பும்போது, என் தொழிலுக்காகக் கேட்டேன், எப்போதெல்லாம், எவ்வளவு சுத்தம் செய்வது என்று. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இறக்கினதும் சூட்டோட பிரஷ்ல நாலு இழுப்பு, எண்ணெய் ஒரு தடவல். ஆறினதும் சாம்பலைக் கொட்டணும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உள்ள சுரண்டணும். இதுக்கெல்லாமா புத்தகம் போடுறாங்க?"

மார்ச் 25

அவர் சொன்னதையே அத்தியாயமாக எழுதி அனுப்பினேன். சரிபார்க்கும்போது பழைய வரைவின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. "சாம்பல் தட்டை வெளியே இழுக்கவும்." என் வாக்கியம்தான். படத்தைப் பார்த்து எழுதியது. எங்கள் வீட்டுக் கிரிலும் அதே தொழிற்சாலை, அதே மாடல். கடைசிப் பக்கம் வரை நானும் படிக்கவில்லை.

மார்ச் 28

அத்தியாயம் திரும்பி வந்தது. இவ்வளவு தெளிவாக இருந்தால் இரண்டு பிரிவுக்கும் சிக்கலாம். "தேவைக்கேற்ப" மீண்டும் பதவியேற்றது.

ஜூன் 8

தேதி குறித்தாயிற்று. கல்யாணச் சமையல்காரரின் அடுப்படியைச் சோதிக்கச் சம்பந்தியம்மா நேற்றே போய்விட்டாராம். பாவம் மனிதர்.

செப்டம்பர் 14

புதுக்குடித்தனம் கிளம்பியது. பெட்டிகள், கட்டில், கடைசியாகக் கிரில். அது மறுபடி கறுத்துவிட்டது, சரியான அளவுக்கு. போன சனிக்கிழமை கோழி ஒட்டவே இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை என் மனைவி வாசலில் நின்று, "சாம்பலைக் கொட்டுடா, மறந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் கிரில் இருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் சதுரமாக ஒரு கறுப்பு. எண்ணெயும் கரியும் ஊறிப்போனது. சோடாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"தேய்ச்சிடட்டுமா?"

"இருக்கட்டுங்க."

செப்டம்பர் 15

காலையில் முற்றம் முழுவதையும் கூட்டினாள். அந்தச் சதுரத்துக்கு வந்ததும் துடைப்பம் சுற்றிக்கொண்டு போனது.